வறட்சிக்கு இரண்டு சங்கு

செத்த மாடாக நடிக்க ஊரில் ஒருவரும் சம்மதிக்கவில்லை.

வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. பால் சொசைட்டி வாசலில், புங்கமரத்தின் கீழ் ஊரே கூடியிருந்தது. நான் அட்டையில் செருகிய தாளைப் பார்த்துப் பாத்திரங்களை வாசித்துக்கொண்டிருந்தேன். காலிக் குடத்தோடு அலையும் பெண்கள்: ஆள் கிடைத்தாயிற்று. தாகத்தால் மயங்கி விழும் முதியவர்: மூன்று பேர் போட்டியிட்டார்கள். இறந்த கால்நடை, ஒன்று: அமைதி.

"நெஜ மாட்டையே படுக்க வச்சிடலாமே?" என்றார் எங்கள் ஒருங்கிணைப்பாளர். சென்னையிலிருந்து வந்தவர்.

"உசுரோட இருக்கற மாட்ட செத்தமாரி படுக்க வைக்கறதாவது! நல்லா இருக்குதுங்க நாயம்," என்றது கூட்டம்.

கடைசியில் அந்தோணி அண்ணன் எழுந்தார். சுரங்கத்தில் காண்ட்ராக்ட் வேலை பார்ப்பவர். அங்கே பாதுகாப்பு ஒத்திகை நடக்கும்போதெல்லாம் அடிபட்டவராகப் படுப்பது அவர்தான்.

"மனுசனா நான் பல வாட்டி செத்திருக்கேன் மேடம். மாடா செத்ததில்ல. செய்யறேன். ஆனா ஒண்ணு, வயிறு உப்பிகினு இருக்கணுமா, ஒட்டிகினு இருக்கணுமா?"

"வறட்சிண்ணே. ஒட்டித்தான் இருக்கணும்."

"அப்போ டிபன் அப்புறமா சாப்பிடறேன்."

எங்களுக்குப் பின்னால், பத்தடி தள்ளி, வாய்க்கால் கரைதொட்டு ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில் நான் கத்திக் கத்தித்தான் வறட்சியைப் பற்றிப் பேச வேண்டியிருந்தது.

தண்ணீர் உள்ள ஊரில் எனக்கென்ன வேலை

மழை தொடர்ந்து பொய்த்த ஆண்டுகள் அவை. நான் வேளாண் பொறியியல் முடித்து, ஒரு சிறிய நிறுவனத்தில் சேர்ந்திருந்தேன். அந்த நிறுவனம் இப்போது இல்லை, பெயரும் வேண்டாம். கிராமங்களுக்கு வறட்சியைத் தாங்கும் திட்டம் வகுத்துக் கொடுப்பது எங்கள் தொழில். நெய்வேலிக்காரி என்பதால் நெய்வேலிக்குப் பக்கத்து ஊரை என் தலையில் கட்டினார்கள். அதைப் புங்கங்கொல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வெளியூர் வாசகர்களுக்காக ஒரு விளக்கம். எங்கள் ஊரில் நிலக்கரிக்குக் கீழே நிலத்தடி நீர் பெரும் அழுத்தத்தோடு நிற்கிறது. அதை இரவும் பகலும் இறைத்துக்கொண்டே இருந்தால்தான் சுரங்கம் வெட்ட முடியும். இறைத்த தண்ணீர் வாய்க்கால்களில் போகும். சுற்றியுள்ள சில ஊர்கள் அதைப் பாய்ச்சி நெல் விளைவிக்கும். புங்கங்கொல்லை அப்படிப்பட்ட ஊர். மாவட்டமே வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அங்கே தவளை கத்திக்கொண்டிருந்தது.

ஆனால் சுரங்கம் ஒரே இடத்தில் இருப்பதில்லை. கரி தீரத் தீர நகரும். கூடவே பம்புகளும் நகரும். என்றாவது ஒருநாள் இந்த வாய்க்காலுக்குத் தண்ணீர் வராது. அது எல்லோருக்கும் தெரியும். என்றைக்கு என்பதுதான் யாருக்கும் தெரியாது. அந்த நாளுக்கான திட்டம்தான் என் வேலை.

பெர்மனென்ட்டா, காண்ட்ராக்ட்டா?

முதல் கூட்டத்தில் என்னிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி இது. கேட்டவர் மல்லிகா அக்கா.

"பாப்பா, நீ படிச்ச பொண்ணு. ஒரே வார்த்தையில சொல்லு. இந்தத் தண்ணி பெர்மனென்ட்டா, காண்ட்ராக்ட்டா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. நெய்வேலி நகரியத்தில் பிறந்தவர்களுக்கு இந்தக் கேள்வி தாய்ப்பாலோடு வந்தது. நகரியத்தின் எந்த பிளாக்கிலும் அம்மாக்கள் மாப்பிள்ளை பார்க்கும்போது பையன் கறுப்பா சிவப்பா என்று கேட்பதற்கு முன் இதைத்தான் கேட்பார்கள். என் சித்தப்பா ஒருமுறை வாடகை வீட்டுச் சொந்தக்காரரைப் பற்றி, "மனுசன் நல்லவர்தான், ஆனா குணம் காண்ட்ராக்ட்" என்றார். எல்லோருக்கும் புரிந்தது.

ஆனாலும் தண்ணீரைப் பற்றி யாரும் இப்படிக் கேட்டு நான் கேட்டதில்லை. நாங்கள் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர்கள். குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும். அது பெர்மனென்ட்.

"காண்ட்ராக்ட்தாங்கக்கா," என்றேன்.

கூட்டம் என்னைக் கோபமாகப் பார்த்தது. மல்லிகா அக்கா மட்டும் தலையாட்டினார். அவர் பிறந்த வீட்டிலும் புகுந்த வீட்டிலும் தலைமுறை தலைமுறையாக அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்கள். அவர்தான் முதன்முதலாகக் கொஞ்சம் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துத் தன் நெல்லைத் தானே நட்டவர். அந்த நிலம் வாய்க்காலின் கடைமடையில் இருந்தது. எல்லோருக்கும் பாய்ந்த பிறகு மிச்சம் இருந்தால்தான் அவருக்கு. ஆகவே தண்ணீரின் குணம் அவருக்குத் தெரியும்.

அதன்பின் பல கூட்டங்கள் போட்டோம். தண்ணீர் நின்றால் யாருக்கு முதலில், யாருக்குப் பிறகு, என்று ஒரு முறை வகுக்க வேண்டும். ஒவ்வொரு கூட்டமும் ஒரே இடத்தில் முட்டிக்கொண்டது. தலைமடைக்காரரான முருகவேல் அண்ணன் டீ குடித்துவிட்டு எழுந்து, "வர்றப்ப பாத்துக்கலாம்மா. ஓடிகினு இருக்கற தண்ணிய ஏன் வாய வச்சி நிறுத்தறீங்க?" என்பார். ஊரில் ஆயில் இன்ஜின் வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான். ஆகவே கூட்டம் கலையும்.

எல்லாப் பேரிடருக்கும் ஒத்திகை

அந்தச் சமயத்தில்தான் எங்கள் தலைமையிடத்திலிருந்து ஓர் உத்தரவு வந்தது. புயல், வெள்ளம், தீ, வறட்சி ஆகிய எல்லாவற்றுக்கும் ஊர்தோறும் ஒத்திகை நடத்த வேண்டும். புயலுக்கு ஒத்திகை புரிகிறது. வறட்சிக்கு எப்படி? "வியாழக்கிழமை காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை," என்றார் ஒருங்கிணைப்பாளர். வறட்சிக்கு நேரம் குறித்தாயிற்று.

ஒத்திகை என்றால் எனக்கு ஒரு பழைய மனக்குறை உண்டு. பள்ளியில் படிக்கும்போது ஒருமுறை தீ ஒத்திகை வைத்தார்கள். அடிபட்டவர்களாகச் சிலரைத் தேர்ந்தெடுத்து, கையில் நாடா கட்டினார்கள். பலத்த காயத்துக்குச் சிவப்பு, லேசான காயத்துக்குப் பச்சை. எனக்குப் பச்சை கிடைத்தது. என் சிநேகிதி உமாவுக்குச் சிவப்பு. அவளை ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு போனார்கள். என்னை "நீயா நடந்து வா" என்றார்கள். வீட்டுக்கு வந்து அழுதேன். அம்மா, "அடுத்த வாட்டி நல்லா அடிபடுவ, அழாத," என்று தேற்றினாள்.

அந்த அனுபவத்தால்தான் விதிகளைக் கவனமாக எழுதினேன். யாருக்கும் பாத்திரக் குறை இருக்கக் கூடாது. முருகவேல் அண்ணனுக்கு ஏற்ற பாத்திரம் ஒன்றை உருவாக்கினேன்: தன் இன்ஜினைக் கடைமடைக்குக் கொடுத்து உதவும் பெரிய மனசு விவசாயி. போட்டோ எடுப்பார்கள் என்றதும் வேட்டியை மாற்றிக்கொண்டு வருகிறேன் என்றார்.

விதிகளில் முக்கியமானது இது: முதல் சங்கு ஊதியதும் வறட்சி தொடங்கும்; இரண்டாவது சங்கு ஊதும்வரை யாரும் தம் பாத்திரத்திலிருந்து விலகக் கூடாது. சங்கு என்றால் சைரன். நகரியத்தில் ஷிஃப்ட் சங்கு கேட்டு வளர்ந்தவர்கள் எல்லா சைரனையும் அப்படித்தான் சொல்வோம். கையால் சுழற்றும் சைரன் ஒன்றை அலுவலகத்திலிருந்து கொண்டுவந்திருந்தோம்.

"ஊருக்கே சங்கு ஊதப் போறீங்க," என்றார் முருகவேல் அண்ணன். எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

முதல் சங்கு

வறட்சி வர வேண்டுமானால் முதலில் தண்ணீரை நிறுத்த வேண்டும். வாய்க்கால் ஊருக்குள் திரும்பும் இடத்தில் ஒரு மதகு. அதன் இரும்பு ஷட்டரை யாரும் மூடிப் பார்த்தே பல வருஷம் ஆகியிருந்தது. தேவைப்படவில்லை.

மல்லிகா அக்கா என் கையைப் பிடித்துத் தனியே இழுத்துப்போனார். "பாப்பா, என் பயிரு பால் புடிச்சிருக்குது. இப்பக் காஞ்சா அவ்வளவும் பதர்தான். நம்மூரு மண்ணு தண்ணிய நிறுத்திவச்சிக்காது. ரெண்டு மணி நேரம்னா ரெண்டு மணி நேரம்தான?"

"ரெண்டே மணி நேரம்தாங்கக்கா."

ஒருங்கிணைப்பாளர் சைரனைச் சுழற்றினார். நாய்கள் ஓடின. நான்கைந்து பேர் தொங்கி ஷட்டரின் சக்கரத்தைத் திருகினார்கள். அது அழுதுகொண்டே இறங்கி, ஒரு பெரிய 'கடக்' சத்தத்தோடு உட்கார்ந்தது. வாய்க்காலின் சத்தம் நின்றது. அந்த ஊரில் அப்படி ஓர் அமைதியை யாரும் கேட்டதில்லை. சொசைட்டிக்குள் ஓடும் மின்விசிறி கேட்டது.

பிறகு எல்லாம் திட்டப்படி நடந்தது. பெண்கள் காலிக் குடத்தோடு அலைந்தார்கள். முதியவர்கள் மூவரும் மயங்கினார்கள், ஒருவர் இரண்டு முறை. அந்தோணி அண்ணன் வாய்க்கால் கரையில் நான்கு காலும் விறைக்க, அதாவது கை கால் விறைக்க, மாடாக இறந்தார். முகத்தில் ஈ உட்கார்ந்தும் அசையவில்லை. முருகவேல் அண்ணன் இன்ஜின்மேல் கை வைத்து, பெரிய மனசோடு கேமராவைப் பார்த்தார்.

பன்னிரண்டு மணிக்குச் சக்கரத்தை மறுபடி திருகினார்கள். சக்கரம் சுலபமாகச் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. ஷட்டர் அசையவில்லை.

"மரை கழண்டுபோச்சு," என்றார் ஒருவர்.

"யாருக்கு?" என்று கேட்டார் மல்லிகா அக்கா. பார்வை என்மேலும் ஒருங்கிணைப்பாளர்மேலும் மாறி மாறி நின்றது.

பக்கத்து ஊரில் வெள்ளம்

ஷட்டர் மூடினால் தண்ணீர் எங்கே போகும் என்பதை நான் கணக்கிட்டிருந்தேன்: உபரி ஓடையில், இரண்டு மணி நேரத்துக்கு, யாருக்கும் தொந்தரவில்லாமல். அதற்கு மேல் போனால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல பக்கத்து ஊரிலிருந்து ஒருவர் டிவிஎஸ் ஃபிப்டியில் வந்தார். முழங்கால்வரை சேறு.

"யாருங்க இங்க வறட்சி நடத்தறது? எங்க முந்திரித் தோப்புல தண்ணி ஏறிகினு இருக்குது!"

அவரிடம் நிலைமையை விளக்கினேன். அவர் கரையில் கிடந்த அந்தோணி அண்ணனைப் பார்த்துப் பயந்துபோனார். "ஐயோ, இவரு?"

"அவரு மாடு," என்றது ஊர்.

ஒருங்கிணைப்பாளர் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். "ஒரே நாள்ல ரெண்டு பேரிடர். வெள்ளத்துக்கும் சேத்துக் கணக்குல காட்டிடலாம். நல்லது. இரண்டாவது சங்கை ஊதிட்டு நாம கெளம்பலாம். ஷட்டர அப்புறம் ஆள் அனுப்பி சரி பண்ணிக்கலாம்."

அப்போது மாடு எழுந்து உட்கார்ந்தது.

"ஊதக் கூடாது சார்," என்றார் அந்தோணி அண்ணன். "தண்ணி வராம ரெண்டாவது சங்கு ஊதக் கூடாது. உள்ள ஆளு மாட்டிகினு இருக்கறப்ப ஊதிட்டா, வெளிய இருக்கறவன் டீ குடிக்கப் போயிடுவான். அப்புறம் எவனும் வரமாட்டான்."

"இது சுரங்கம் இல்லீங்க. சும்மா ஒத்திகை."

"அதுவும் சும்மா ஒத்திகைதான் சார். ஆனா அங்க பொய்யா ஊத மாட்டாங்க." சொல்லிவிட்டு மறுபடி படுத்துக்கொண்டார்.

ஒருங்கிணைப்பாளர் சைரனை நோக்கித் திரும்பினார். சைரன் இருந்தது, அதன் கைப்பிடி இல்லை. மல்லிகா அக்கா அதைக் கழற்றி இடுப்பில் செருகி, மேலே முந்தானையைச் சுற்றிக்கொண்டிருந்தார். நிறுவனத்தின் விதிமுறைகளில் அதற்கான வழிகாட்டுதல் எதுவும் இல்லை.

பெரிய மனசு

மல்லிகா அக்கா நேராக முருகவேல் அண்ணனிடம் போனார்.

"இன்ஜின எடுங்க."

"எதுக்கு?"

"கடைமடைக்குக் குடுத்து உதவ. அதான உங்க வேஷம்?"

"அதெல்லாம் முடிஞ்சிபோச்சும்மா. போட்டோ புடிச்சிட்டாங்க."

"எங்க முடிஞ்சிது? ரெண்டாவது சங்கு ஊதுனாங்களா? பாப்பா, அந்தச் சட்டத்த ஒருவாட்டி படி."

நான் படித்தேன். என் வாழ்க்கையில் நான் எழுதிய எதையும் ஒரு கூட்டம் அவ்வளவு கவனமாகக் கேட்டதில்லை.

முருகவேல் அண்ணன் சுற்றிப் பார்த்தார். குடத்துப் பெண்கள் குடத்தை இறக்கவில்லை. மயங்கிய முதியவர்கள் ஒரு கண்ணைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாடு கிடந்தது. ஊரே பாத்திரத்தில் இருக்கும்போது அவர் மட்டும் எப்படி விலகுவது?

"சரி, இன்ஜினு இருக்குது. தண்ணி எங்க இருக்குது?" என்றார், தப்பித்துவிட்ட குரலில்.

அதற்கு விடை ஊரின் மேற்கே இருந்தது. அங்கே ஒரு குட்டை. வெளியிலிருந்து பார்த்தால் அது குட்டை என்றே தெரியாது. ஆள் உயரத்துக்கு நெய்வேலிக் காட்டாமணக்கு. தமிழ்நாட்டின் ஏரி குளங்களை எல்லாம் அடைத்துக்கொண்டிருக்கும் அந்த ஊதாப் பூச்செடிக்கு ஏன் எங்கள் ஊர்ப் பெயர் வைத்தார்கள் என்பதை நான் இன்றுவரை யாரிடமும் கேட்டதில்லை. கல்லூரியில் பேராசிரியர் அதன் பெயரைச் சொல்லும்போதெல்லாம் வகுப்பே என்னைத் திரும்பிப் பார்க்கும். புங்கங்கொல்லையில் அதை வெட்ட வேண்டும் என்று கூட்டத்துக்குக் கூட்டம் சொன்னேன். "அது அப்பிடியே கெடந்துகினு இருக்கட்டும்" என்பார்கள்.

அன்று மதியம் வெட்டினார்கள். வறட்சி தொடங்கிவிட்டது அல்லவா? குடத்துப் பெண்களும் அரிவாள் எடுத்தார்கள். செடியின் பால் கையில் பிசுபிசுத்தது. பக்கத்து ஊர்க்காரரும் வண்டியை நிறுத்திவிட்டு வெட்டினார். தனக்கு என்ன பாத்திரம் என்று கேட்டார். உள்ளே, வருஷக்கணக்காக வாய்க்காலிலிருந்து கசிந்த தண்ணீர், கறுப்பாக, குளிர்ச்சியாக நின்றது.

யாருக்கு முதலில் என்ற சண்டை இன்ஜின் பக்கத்திலேயே நடந்தது. எத்தனையோ கூட்டங்களில் நடக்காத சண்டை. என் பேனாவால் துரத்த முடியவில்லை. முடிவு இதுதான்: பால் பிடித்த பயிருக்கு முதலில், பிறகு மாடுகளுக்கு, பிறகு நாற்றங்காலுக்கு, நட்டு வேர்பிடித்த பயிர் காத்திருக்கலாம். தலைமடை, கடைமடை என்ற பேச்சே அதில் இல்லை. பயிரின் வயசுதான் கணக்கு. அன்றைக்குப் பால் பிடித்திருந்தது மல்லிகா அக்காவின் பயிரும் இன்னும் இரண்டு பேருடையதும்தான்.

ஆகவே கடைமடைக்கு முதலில் பாய்ந்தது. தலைமடைக்காரர் தன் இன்ஜினுக்குத் தானே டீசல் ஊற்றினார். பாத்திரம் அப்படி.

இரண்டாவது சங்கு

ஷட்டருக்குப் புது நட்டு கடைந்து வர மூன்று நாள் ஆனது. வடலூரில் ஒரு லேத் பட்டறைக்காரர், "இந்த மரையெல்லாம் இப்ப யாரும்மா போடறாங்க?" என்று அலுத்துக்கொண்டே செய்து கொடுத்தார். அந்த மூன்று நாளும் வறட்சி நீடித்தது; பக்கத்து ஊர் முந்திரித் தோப்பில் ஏறிய தண்ணீரை மண்மூட்டை அடுக்கித் தடுத்தார்கள். அந்தோணி அண்ணன் முதல் நாள் மாலையே எழுந்து ஷிஃப்டுக்குப் போய்விட்டார். ஆனால் ஒவ்வொரு நாளும் திரும்பி வரும்போது மாடு கிடந்த இடத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார். மனசாட்சி என்றார்.

ஷட்டர் எழுந்து தண்ணீர் பாய்ந்ததும் மல்லிகா அக்கா கைப்பிடியை எடுத்தார். அவரே மாட்டி, அவரே சுழற்றினார். முருகவேல் அண்ணன் அந்த நிமிஷமே இன்ஜினை வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

அக்காவின் கதிர் முற்றியது. ஒத்திகை முழு வெற்றி என்று ஒருங்கிணைப்பாளர் அறிக்கை அனுப்பினார். உண்மைத்தன்மைக்காகத் தலைமையிடம் பாராட்டியது. சைரனை ஊரிலேயே வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். பால் சொசைட்டியில், பழைய கேன்களுக்கு நடுவே அது உட்கார்ந்தது. கைப்பிடி மட்டும் அங்கே இல்லை.

திட்டம் முடிந்தது. நான் வேறு மாவட்டத்துக்குப் போனேன்.

ஓரிரு வருஷம் கழித்து, விடுப்பில் நெய்வேலி வந்திருந்த ஒரு மதியம் மல்லிகா அக்காவின் போன்.

"பாப்பா, ஒரு வார்த்த சொல்லாம ஒத்திகை வச்சிட்டீங்களா? காலையிலேருந்து வாய்க்கால்ல தண்ணியக் காணும்."

நான் யோசித்துத்தான் பதில் சொன்னேன். சுரங்கம் நகர்ந்துகொண்டிருந்தது எனக்குத் தெரியும். பம்புகள் இடம் மாறப்போவதைச் சுரங்கத்தார் ஊருக்கும் சொல்லியிருந்தார்கள், நாள் மட்டும் சொல்லவில்லை. "ஒத்திகை இல்லீங்கக்கா."

மறுமுனையில் வாய்க்கால் சத்தம் இல்லை.

"காண்ட்ராக்ட் முடிஞ்சிபோச்சா?"

"முடிஞ்சிடுச்சுன்னுதான் நெனைக்கிறேன்."

"என் பயிரு பால் புடிக்கல. முருகவேல் அண்ணன்துதான் புடிச்சிருக்குது. இந்தவாட்டி அவருக்குத்தான் மொதல்ல." ஒரு பெருமூச்சு. "இன்ஜினுல டீசல் போட்டு வச்சிகினு சொசைட்டி வாசல்ல நிக்கறாரு. 'சங்கு ஊதாம நான் எப்பிடி எடுக்கறது'ன்றாரு. ஊருல பாதிப் பேரு குடத்த வச்சிகினு நிக்கறாங்க. இரு, போன வச்சிடாத."

எதையோ உரசும் சத்தம். கைப்பிடியை மாட்டுகிறார். பிறகு சைரன், தாழ்ந்து தொடங்கி, ஏறி, போனையே நடுங்க வைத்தது. அது அடங்குவதற்குள் பின்னால் ஆயில் இன்ஜின் இருமிப் புகைந்து ஓடத் தொடங்கியது.

இது நடந்து வருஷங்கள் ஆகின்றன. இடையில் நல்ல மழையும் பெய்தது. குட்டை நிரம்பி வழிந்தது என்று கேள்விப்பட்டேன். ஆனாலும் அந்த ஊரில் இரண்டாவது சங்கு இன்னும் ஊதப்படவில்லை. முருகவேல் அண்ணன் இன்ஜினைத் திருப்பிக் கேட்கவும் இல்லை.